பாட்டு கரகர, வகுப்பு டப் டப்: பழுது ஒன்றா, இரண்டா?

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது டெஸ்க்டாப் கம்ப்யூட்டர், விண்டோஸ் 11. சில மாதங்களாகச் சத்தம் சரியில்லை. பாட்டு போட்டால், பாடுபவர் குரலை உயர்த்தும் இடங்களில் கரகரக்கிறது. மகளின் ஆன்லைன் வகுப்பில் நடுநடுவே 'டப் டப்' என்று வெடிக்கிறது. அந்த நேரம் பார்த்து ஏதாவது பெரிய ஃபைல் டவுன்லோட் ஆகிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தேன், அதே கதைதான். சவுண்ட் டிரைவரை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். பாட்டு ஒரே ஒரு நாள் நன்றாகக் கேட்டது, மறுநாள் பழையபடி ஆகிவிட்டது. புளூடூத் ஹெட்செட் வாங்கினேன். வகுப்பு தொடங்கியதும் ஆசிரியர் குரல் பழைய டெலிபோனில் கேட்பதுபோல் மாறிவிடுகிறது. சவுண்ட் சிப் போய்விட்டது, மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார் ஒருவர். ஃபார்மட் செய்தால் போதும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம்.

சவுண்ட் சிப் போயிருந்தால் டிரைவரை (கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் சாஃப்ட்வேரை) நீக்கியதும் ஒரு நாள் முழுக்கப் பாட்டு சுத்தமாகக் கேட்டிருக்காது. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி அதுதான். ஸ்பீக்கர் மாற்றியும் போகவில்லை என்பது அடுத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஸ்பீக்கர், அதன் ஒயர், சிப் மூன்றின் மீதும் பெரிதாகச் சந்தேகப்பட வேண்டியதில்லை. கோளாறு அநேகமாக சாஃப்ட்வேர் பக்கம் இருக்கிறது. அப்படியானால் ஃபார்மட் செய்தால் சரியாகிவிடுமே என்று கேட்பீர்கள். ஒரு நாள் சரியாகும். அப்புறம் திரும்பி வரும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உங்களைக் குழப்பியது வேறு விஷயம். நீங்கள் எழுதியிருப்பது ஒரு பழுதைப் பற்றி இல்லை. உரத்த இடத்தில் வரும் கரகரப்பு ஒன்று. டவுன்லோடின்போது வரும் டப் டப் இன்னொன்று. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஹெட்செட்டில் குரல் மாறுவது மூன்றாவது, அது பழுதே கிடையாது. மூன்றையும் 'சவுண்ட் சரியில்லை' என்று ஒரே பெயரில் சேர்த்துவிட்டதால், ஒன்றைச் சரிசெய்த நேரத்தில் மற்றது காதில் விழுந்து, 'இதுவும் வேலைக்கு ஆகவில்லை' என்று செய்ததையும் கைவிட்டிருக்கிறீர்கள். என்னிடம் வரும் ஆடியோ பிரச்சினைகளில் இது சகஜம். அதனால் ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

முதலில் கரகரப்பு.

கம்ப்யூட்டருக்குள் ஒலி வெறும் எண்களாக ஓடுகிறது, ஒவ்வொரு எண்ணும் அந்தக் கணத்தில் ஒலி அலையின் உயரம். சி.டி. தரத்தில் பதிவான பாட்டு என்றால் ஒவ்வொரு எண்ணும் 16 பிட். அதிகபட்சம் 32,767 வரை போகலாம், அதற்கு மேல் எழுத இடம் கிடையாது. இப்போது வரும் பாட்டுகளில் பெரும்பாலானவை மாஸ்டரிங் (வெளியிடும் முன் நடக்கும் கடைசி ஒலி வேலை) செய்யும்போதே இந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும்படி ஏற்றப்பட்டவை. அதன்மேல் நம் கம்ப்யூட்டர் 'பேஸ் பூஸ்ட்', 'லவுட்னெஸ்', ஈக்வலைசர் (கனமான ஒலி, மெல்லிய ஒலி என்று தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி) என்று இன்னும் கொஞ்சம் ஏற்றினால் அலையின் உச்சிக்குப் போக இடமில்லை. அது தட்டையாக வெட்டப்படும், இல்லாவிட்டால் நசுங்கும். 6 டெசிபல் ஏற்றுவது என்றால் அலையின் உயரத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்குவது. ஈக்வலைசரில் ஒரு பட்டையைச் சும்மா கொஞ்சம் மேலே தள்ளினாலே அந்த 6 வந்துவிடும். அலை தட்டையானால் மூலப் பாட்டில் இல்லாத புது அதிர்வெண்கள் முளைக்கும். நம் காதுக்கு அதுதான் கரகரப்பு. மெல்லிய இடங்களில் உச்சி எல்லைக்குள்ளேயே இருப்பதால் அங்கே வராது. பாடுபவர் குரலை உயர்த்தும் இடத்தில் மட்டும் வருகிறது என்று நீங்கள் எழுதியது இதோடு அப்படியே பொருந்துகிறது.

இதை உறுதிசெய்ய ஒரு சின்னச் சோதனை. ஆன்லைனில் இருந்து ஓடும் பாட்டு வேண்டாம், கம்ப்யூட்டரில் சேமித்து வைத்த பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிளேயரின் வால்யூமைப் பாதிக்குக் குறைத்துவிட்டு, ஸ்பீக்கரில் உள்ள திருகியைத் திருப்பி அதே அளவு சத்தம் வரும்படி வையுங்கள். கரகரப்பு போய்விட்டாலோ நன்றாகக் குறைந்தாலோ, அது கம்ப்யூட்டருக்குள் எல்லை மீறியதால் வந்தது. இதையே தலைகீழாகவும் செய்து பாருங்கள். பிளேயரை முன்பிருந்த அளவுக்கே ஏற்றிவிட்டு ஸ்பீக்கர் திருகியை மட்டும் குறையுங்கள். உள்ளே வெட்டுப்பட்ட ஒலி என்றால் சத்தம் குறைந்தாலும் கரகரப்பு கூடவே மெல்லியதாகக் கேட்கும். திருகியைக் குறைத்ததுமே சுத்தமாகிவிட்டால் மட்டும் ஸ்பீக்கரையோ அதன் ஆம்ப்ளிஃபையரையோ சந்தேகப்படலாம். வி.எல்.சி. போன்ற பிளேயர்களில் வால்யூம் 100 சதவீதத்தைத் தாண்டியும் போகும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். வீட்டில் யாராவது ஒரு முறை 125-க்கு ஏற்றிவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள்.

சரிசெய்வது எளிது. செட்டிங்ஸ் திறந்து சிஸ்டம், சவுண்ட் என்று போய் உங்கள் ஸ்பீக்கரின் பெயரை அழுத்துங்கள். உள்ளே 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' இருக்கும், அதை 'ஆஃப்' ஆக்குங்கள். அதன் பக்கத்திலேயே இருக்கும் 'ஸ்பேஷியல் சவுண்ட்' என்பதையும் அணையுங்கள். இதோடு வேலை முடியாது. மதர்போர்டு நிறுவனங்கள் தங்கள் பங்குக்கு ஒரு சவுண்ட் கண்ட்ரோல் செயலியையும் ஏற்றிவிடுகின்றன. ரியல்டெக் சிப் என்றால் ரியல்டெக் ஆடியோ கன்சோல் இருக்கலாம், அல்லது விளையாட்டு, சினிமா என்று மோடுகள் போட்ட வேறு ஏதாவது இருக்கலாம். அதற்குள்ளும் ஒரு ஈக்வலைசர் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். அதையும் அணைக்க வேண்டும். இந்த 'மெருகூட்டும்' வசதிகளை அணைத்த பிறகு பாட்டு கொஞ்சம் வெறுமையாகத் தோன்றும். சில நாட்களில் காது பழகிவிடும்.

ஒரே ஒரு நாள் மட்டும் நன்றாக இருந்தது ஏன் என்பதற்கு இப்போது வருவோம். டிரைவரை நீக்கியபோது, அதன் ஃபைல்களையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்கும் இடத்தில் டிக் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால், ரீஸ்டார்ட் ஆனதும் விண்டோஸ் தன் கைவசம் உள்ள பொது டிரைவரைப் போட்டுக்கொள்ளும். அதன் பெயர் 'ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்'. அதில் நிறுவனத்தின் அலங்காரங்கள் எதுவும் கிடையாது, பாட்டு சுத்தமாகக் கேட்கும். பிறகு விண்டோஸ் அப்டேட் பின்னணியில் ஓடி, நிறுவனத்தின் டிரைவரை மறுபடி கொண்டுவந்து போடும். எல்லா அலங்காரங்களும் அதோடு திரும்பிவிடும். ஃபார்மட் செய்தாலும் இதேதான் நடக்கும்.

ஆகவே என்ஹான்ஸ்மென்ட்ஸை அணைத்தும் நிற்கவில்லை என்றால், அந்தப் பொது டிரைவரையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். டிவைஸ் மேனேஜரில் ஒலிக் கருவியின் மேல் வலது கிளிக் செய்து, அப்டேட் டிரைவர், கம்ப்யூட்டரிலேயே தேடுவது, பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்று போனால் 'ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்' கிடைக்கும். வீட்டில் பாட்டு கேட்கவும் வகுப்பில் கலந்துகொள்ளவும் அது தாராளமாகப் போதும். என்றைக்காவது கரகரப்பு திரும்பி வந்தால் முதலில் அங்கே போய்ப் பெயரைப் பாருங்கள். பெயர் மாறியிருந்தால் அப்டேட் வேலையைக் காட்டிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது 'டப் டப்'. சிக்கலானது இதுதான், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஒலியை கம்ப்யூட்டர் தொடர்ச்சியாக அனுப்புவதில்லை, துண்டு துண்டாகத் தயாரித்துக் கொடுக்கிறது. விண்டோஸ் வழக்கமாக 10 மில்லி செகண்டுக்கு ஒரு துண்டு தரும். செகண்டுக்கு 48,000 மாதிரிகள் (மேலே சொன்ன எண்கள்தான்) என்ற கணக்கில் ஒரு துண்டில் 480 எண்கள். அடியில் ஓட்டையுள்ள குடத்தில் ஒருவர் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒழுகுவது நிற்காது. ஊற்றுபவரை யாராவது பிடித்து வைத்துக்கொண்டால் குடம் காலியாகிவிடும். கம்ப்யூட்டரில் அப்படிக் காலியாகும் கணத்தில்தான் 'டப்' என்று ஒரு வெடிப்பு கேட்கிறது.

பிடித்து வைப்பது யார்? பெரும்பாலும் வேறொரு கருவியின் டிரைவர். வைஃபை, கிராஃபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க் போன்றவற்றின் டிரைவர்களுக்கு, மற்ற வேலைகளை நிறுத்திவிட்டுப் பிராசஸரைக் கேட்டு வாங்கும் உரிமை உண்டு. ஒழுங்காக எழுதப்பட்ட டிரைவர் இம்மி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு விலகிவிடும். மோசமான டிரைவர் சில மில்லி செகண்டுகள் விடாமல் பிடித்துக்கொள்ளும். மற்ற எதிலும் அது தெரியாது. மவுஸ் வழக்கம்போல நகரும், படம் ஓடும். ஒலி மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்துவிட்டு, 'பிராசஸர் 10 சதவீதம்தானே ஓடுகிறது, இதில் என்ன சுமை' என்று பலர் கேட்பார்கள். அந்தச் சதவீதம் சராசரிக் கணக்கு. சில மில்லி செகண்ட் மட்டும் நீடித்த முட்டுக்கட்டை அதில் தெரியாது.

எந்த டிரைவர் என்று கண்டுபிடிக்க வேண்டும். சேமித்து வைத்த அதே பாட்டைப் போடுங்கள். வேறு எதுவும் ஓட வேண்டாம். டப் வருகிறதா என்று சற்று நேரம் கேளுங்கள். பிறகு பாட்டு ஓடும்போதே ஒரு பெரிய டவுன்லோடைத் தொடங்குங்கள். அதையும் கேட்ட பிறகு, வைஃபையை முழுதாக அணைத்துவிட்டு, ஒரு பெரிய ஃபைலை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொரு டிரைவுக்குக் காப்பி செய்தபடி கேளுங்கள்.

டவுன்லோடின்போது மட்டும் டப் வந்து, வைஃபை அணைந்தபின் காப்பி செய்யும்போது வரவில்லை என்றால் வைஃபை டிரைவரைப் பிடித்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்தவரை என் சந்தேகமும் அதன் மேல்தான். வைஃபை அணைந்திருந்தும் காப்பி செய்யும்போது வெடித்தால் டிஸ்க் பக்கம் பாருங்கள். காப்பியும் வழக்கத்தைவிட மெதுவாகப் போனால், முதல் வேலையாக முக்கியமான ஃபைல்களை வேறு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். படிக்கத் திணறும் டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கலாம், அந்த நேரத்தில் ஒலி தடுமாறலாம். (விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இதற்கு ஒரு பிரசித்தமான வடிவம் இருந்தது. டிஸ்க் 6 முறை பிழை செய்தால் விண்டோஸ் அதை, பிராசஸரைத் தொந்தரவு செய்யாத டி.எம்.ஏ. முறையிலிருந்து பழைய பி.ஐ.ஓ. முறைக்கு இறக்கிவிடும். அதன்பின் பிராசஸரே ஒவ்வொரு பைட்டாகச் சுமக்க வேண்டியிருக்கும், பாட்டு அப்படியே திக்கும்.)

மூன்றாவதாக ஒன்று நடக்கலாம். சேமித்த பாட்டில் எப்போதுமே டப் வராமல், ஆன்லைன் வகுப்பில் மட்டும் வரும். அப்படியானால் அது கம்ப்யூட்டரின் ஒலிப் பழுதே இல்லை, டவுன்லோட் உங்கள் இணைய வேகத்தைத் தின்றுவிடுகிறது. காதாலேயே இதைப் பிரித்தறியலாம். இணையம் தடுமாறினால் ஆசிரியரின் சொற்கள் விழுங்கப்படும், குரல் தகரம்போல் இழுபடும், ரோபோ பேசுவதுபோல் ஆகும். டிரைவர் கோளாறில் பேச்சு பெரும்பாலும் முழுதாகப் புரியும், மேலே டப் டப் என்று வெடிப்பு மட்டும் விழும். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை போலத்தான் இருக்கிறது. ஆனாலும் சோதித்துவிடுங்கள்.

ஊகத்தில் நிற்காமல் பெயரையே பார்க்க வேண்டும் என்றால் லேட்டன்ஸிமான் என்ற கருவி இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு இலவசம். அதை ஓடவிட்டு, பிரச்சினை வரும் வேலையைச் செய்யுங்கள், அதாவது பாட்டு, டவுன்லோட் இரண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து டிரைவர்கள் பக்கத்தைத் திறந்து, அதிக நேரம் எடுத்தவை மேலே வரும்படி அடுக்குங்கள். என்.டி.ஐ.எஸ். மேலே வந்தால் நெட்வொர்க். என்.வி. என்று தொடங்கும் நீளமான பெயர் வந்தால் என்விடியா கிராஃபிக்ஸ். ஸ்டோர்போர்ட் என்று வந்தால் டிஸ்க். ஒரு எச்சரிக்கை: என்.டி.ஐ.எஸ். என்பது விண்டோஸின் சொந்த ஃபைல். பழி அதன் மேல் விழுந்தாலும், பெரும்பாலும் தப்பு செய்வது அதை நம்பி ஓடும் வைஃபை டிரைவர்தான். விண்டோஸ் ஃபைலை நோண்ட வேண்டாம்.

வைஃபைதான் என்று தெரிந்துவிட்டால் உங்கள் மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்தோ, வைஃபை சிப் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்தோ புதிய டிரைவரை எடுத்துப் போடுங்கள். 'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறோம்' என்று வரும் சாஃப்ட்வேர்கள் பக்கமே போக வேண்டாம். அவற்றால் வரும் தலைவலி இதைவிடப் பெரிது. புதிய டிரைவரிலும் நிற்கவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக்' அழுத்தி முந்தைய டிரைவருக்குத் திரும்பிப் பாருங்கள். சில நேரம் புதியதுதான் கெட்டது. பவர் பிளானை 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றிப் பார்ப்பதும் நல்லது. பிராசஸர் அடிக்கடி உறக்கத்துக்குப் போய் எழுந்து வருவதால் ஏற்படும் தடுமாற்றம் அதில் தெரிந்துவிடும். டெஸ்க்டாப் ஓரிடத்தில் நிற்கும் பொருள் என்பதால், ரவுட்டரிலிருந்து கேபிள் இழுக்க வழியிருந்தால் நான் அதைத்தான் முதலில் செய்வேன். கேபிளைச் செருகி வைஃபையை டிசேபிள் செய்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். வகுப்பும் சீராக ஓடும்.

சிலர் சவுண்ட் செட்டிங்கில் 44,100 ஹெர்ட்ஸ், 48,000 ஹெர்ட்ஸ் என்று ஒலியின் ஃபார்மட்டை, அதாவது செகண்டுக்கு எத்தனை மாதிரிகள் என்பதை, மாற்றிப் பார்க்கச் சொல்வார்கள். பாட்டு சி.டி. 44,100-ல் இருக்கும், வீடியோ பெரும்பாலும் 48,000-ல் இருக்கும். இரண்டில் எதை வைத்தாலும் விண்டோஸ் மாற்றிக்கொள்ளும், உங்கள் பிரச்சினைக்கு இது மருந்தாகாது. யாராவது 192,000 என்று ஏற்றி வைத்திருந்தால் மட்டும் 48,000-க்கு இறக்கிவிடுங்கள்.

புளூடூத் ஹெட்செட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாட்டு மட்டும் கேட்கும்போது அது ஏ2டிபி என்ற உயர்தர முறையில் ஓடுகிறது. அந்த முறையில் மைக்குக்கு இடமில்லை. வகுப்பு செயலி ஹெட்செட்டின் மைக்கைத் திறந்த மறுகணம், இரண்டு பக்கமும் பேச்சு போய் வரும் வேறு முறைக்கு அது மாறிவிடும். அதில் ஒலி செகண்டுக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகச் சுருங்கிவிடும். 8,000 என்றால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கேட்காது. டெலிபோன் போல் இருக்கிறது என்று நீங்கள் எழுதியது சரியான வர்ணனை. வகுப்பு செயலியின் செட்டிங்கில் மைக் என்ற இடத்தில் ஹெட்செட்டுக்குப் பதிலாக வெப்கேமின் மைக்கைத் தேர்ந்தெடுங்கள், குரல் பழைய தரத்துக்குத் திரும்பிவிடும். ஒயர் வைத்த ஹெட்செட் என்றால் இந்தப் பேச்சே இல்லை. பாட்டு கேட்கும்போதும் புளூடூத் விட்டுவிட்டுக் கேட்டால், அதன் ரிசீவர் யு.எஸ்.பி. 3.0 டிஸ்க்குக்கு ஒட்டினாற்போல் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். யு.எஸ்.பி. 3.0 எழுப்பும் இரைச்சல் புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழும் என்று 2012-லேயே இன்டெல் விளக்கமாக எழுதிவிட்டது. ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு ரிசீவரைத் தள்ளி வைத்தால் தீர்ந்துவிடும்.

இதே போன்ற தொல்லையோடு இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சில வார்த்தைகள். பாட்டு ஓடாத நேரத்திலும் 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் இரைச்சல் வந்தால் அது மின்சார வழியாக வருவது, 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சல். கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கரையும் ஒரே பிளக் போர்டில் செருகிப் பாருங்கள். எர்த் பின்னை உடைத்தால் இரைச்சல் போகும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், அது உயிருக்கு ஆபத்து. மவுஸை நகர்த்தும்போது 'கீச்' என்று கேட்டால் முன்பக்க ஜாக்கை விட்டுவிட்டுப் பின்பக்கப் பச்சை ஜாக்கில் செருகுங்கள். அப்போதும் வந்தால் ஒரு சின்ன யு.எஸ்.பி. சவுண்ட் அடாப்டர் போதும், போர்டு மாற்ற வேண்டாம். இசை மட்டும் கேட்டுப் பாடுபவர் குரல் எங்கோ தூரத்தில் போய்விட்டால் ஜாக் முழுதாக உள்ளே போகவில்லை. லேப்டாப்பில் புதிதாக ஓர் அதிர்வுச் சத்தம் வந்து, அடிப்பக்கமோ டச்பேடோ லேசாகப் புடைத்திருப்பதுபோல் தெரிந்தால் ஒலியை மறந்துவிடுங்கள். பேட்டரி வீங்கியிருக்கலாம். உடனே அணைத்து, சார்ஜ் போடாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

உங்களுக்கு வருகிறேன். இன்று என்ஹான்ஸ்மென்ட்ஸை அணையுங்கள், ஓரிரு நாள் பாட்டு மட்டும் கேளுங்கள். கரகரப்பு அடங்கியபின் டவுன்லோட் சோதனைக்குப் போங்கள். கேபிள் போட்டும் டிரைவர் மாற்றியும் டப் நிற்கவில்லை என்றால் லேட்டன்ஸிமான் காட்டும் முதல் மூன்று பெயர்கள், மதர்போர்டின் மாடல், டப் வந்தபோது கம்ப்யூட்டர் என்ன செய்துகொண்டிருந்தது என்ற விவரம், இவற்றோடு எழுதுங்கள். மேற்கொண்டு பார்க்கலாம்.